மைக் பேசிட்டாராம்

முதலில் அவர் பேசியது ஒரே ஒரு வார்த்தை என்றுதான் சொன்னார்கள். செய்தி பஸ் நிலையத்து டீக்கடைக்கு வந்து சேர்வதற்குள் அந்த வார்த்தைக்குக் கை கால் முளைத்து வாக்கியமாகியிருந்தது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தை எட்டியபோது, ஒரு பாட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மூச்சு வாங்காமல் பாடி முடித்திருந்தார். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்காக நின்ற தாய்மார்களைக் கேட்டால், கட்டிலிலிருந்து எழுந்து ஜன்னலுக்கு வந்து பக்கத்து வீட்டுக்காரனைத் திட்டினார் என்றும், திட்டு வெகு தெளிவாக இருந்தது என்றும் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரன் மறுக்கவில்லை. திட்டு வாங்கிய வகையிலாவது நாலு பேர் தன்னை விசாரிக்கிறார்களே என்ற சந்தோஷம் அவனுக்கு.

"மைக் பேசிட்டாராம்!"

மைக் என்பது பட்டப்பெயர். பஸ் நிலையத்து ஒலிபெருக்கிகளுக்குள் வருஷக்கணக்காகக் குடியிருந்த குரல் அவருடையது. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது வழியில் படுத்துவிட்டது, யாருடைய பிள்ளை அறிவிப்பு அறையில் மூக்கு ஒழுக அழுதுகொண்டிருக்கிறது, எல்லாம் அந்தக் குரல் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். குரலை மட்டும் கேட்டவர்கள் ஆஜானுபாகுவான ஒரு மனிதரைக் கற்பனை செய்துகொள்வார்கள். நேரில் பார்த்தால், சட்டைக் காலருக்குள் கழுத்து தொலைந்துபோன சின்ன உருவம். ஓய்வு பெறுகிற வயது வருவதற்கு முன்பே பக்கவாதம் வந்தது. வலது பக்கத்தை எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் பேச்சையும் சுருட்டிக்கொண்டு போனது. அதிலிருந்து கட்டில், ஜன்னல், கூரை. இந்த மூன்றும்தான் அவருக்கு எதிரில் இருந்தவை.

அப்பேர்ப்பட்டவர் பேசிவிட்டார் என்றால் யாருக்குத்தான் விசாரிக்கத் தோன்றாது? விசாரிக்கக் கிளம்பினால், எந்த வதந்திக்கும் உள்ள சௌகரியம் இதற்கும் இருந்தது. சொன்னவர் எல்லாரும் கேட்டவர்கள், பார்த்தவர் ஒருவருமில்லை. டீக்கடைக்காரருக்கு நிலையத்து டைம்கீப்பர் சொன்னார். டைம்கீப்பருக்கு அவர் மனைவி சொன்னாள். மனைவிக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிற தையல்காரம்மா சொன்னார். தையல்காரம்மாவோ, ஊசியை வாயில் கவ்விக்கொண்டே அடித்துச் சொன்னார்.

"நான் யாரோ சொல்லிக் கேட்டவ இல்லைங்க. வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துல அவரு வீட்டம்மாவே எழுந்து நின்னு சொன்னாங்க. பேச்சு குடுத்த ஆண்டவருக்கு நன்றின்னு. கட்டின பொண்டாட்டி வாயால வந்ததுக்கு மேல என்ன சாட்சி வேணும் உங்களுக்கு?"

ஆக, கதை அந்த வீட்டம்மாவிடம் போய் நிற்கிறது. அவள் அப்படிச் சொன்னது உண்மை. அவர் பேசியது மட்டும் உண்மையில்லை.

அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடிக்கிறவள். அங்கே அவளை 'மடிப்பு' என்றே கூப்பிடுவார்கள். உருளைக்கு நடுவே நசுங்கிச் சூடாக வெளியே வருகிற விரிப்பை இந்த முனையில் அவளும் அந்த முனையில் 'கஞ்சி' என்று பேரெடுத்த இன்னொருத்தியும் பிடித்து, உதறி, நாலாக்கி, எட்டாக்கி அடுக்குவார்கள். கஞ்சி என்ற பெயர், எந்த விஷயத்தையும் விறைப்பாக்கி நிறுத்திவிடுகிற அவள் வாய்க்காக வந்தது. மடிப்புக்கு வாயே கிடையாது. வீட்டில் ஒருவர் பேசாமல் கிடக்கிறார்; தான் பேசினால் அவருக்குக் குத்திக்காட்டுகிற மாதிரி இருக்குமோ என்று அவளும் பாதி ஊமையாகிப் போயிருந்தாள்.

வெள்ளிக்கிழமைதோறும் போதகர் வீட்டு முன்னறையில் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். நடத்துகிறவர் போதகரின் மனைவி, எல்லாருக்கும் போதகரம்மா. அந்தக் கூட்டத்தில் ஒரு பழக்கம் இருந்தது. விசுவாச நன்றி என்று அதற்குப் பெயர். வேண்டிக்கொண்டது இன்னும் கிடைத்திருக்காது. கிடைத்துவிட்டதாகவே எண்ணி, எழுந்து நின்று, எல்லார் முன்னாலும் நன்றி சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு வாய் தவறிக்கூட 'இன்னும் வரலை' என்று சொல்லக் கூடாது. அது ஊன்றிய விதையைத் தோண்டிப் பார்க்கிற வேலை. அந்த வகையில் அந்த முன்னறையில் வீடு கட்டி முடித்தவர்களும் மாப்பிள்ளை பார்த்து முடித்தவர்களும் சர்க்கரை வியாதி நீங்கியவர்களும் வாரம் தவறாமல் கூடி, கூட்டம் முடிந்ததும் வாடகை வீட்டுக்கும் கல்யாணமாகாத மகளுக்கும் மாத்திரைக்கும் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

மடிப்பு மட்டும் நன்றி சொன்னதில்லை. கேட்டுக்கொண்டேயிருந்தாள். "அவருக்குப் பேச்சு வரணும்னு ஜெபம் பண்ணிக்கோங்க." வாரா வாரம் இதே. கேட்டுக் கேட்டு மற்றவர்களுக்கு அலுத்துவிட்டது. அவளுக்குமே அலுத்துவிட்டது என்பதுதான் வெளியே சொல்ல முடியாதது. அந்த வெள்ளிக்கிழமை போதகரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, இன்னும் எத்தனை நாளைக்குக் கேட்டுக்கிட்டே இருக்கப் போற? ஆண்டவருக்குக் காது மந்தமா? கேட்டது போதும். எழுந்திரு. வாங்கிக்கிட்டவளா நன்றி சொல்லு."

எழுந்தாள். பகலெல்லாம் ஈர விரிப்பு தூக்கிய தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. "என் வீட்டுக்காரருக்குப் பேச்சைத் திரும்பக் கொடுத்த ஆண்டவருக்கு நன்றி" என்றாள். முன்னறை முழுக்க 'ஆமென்' எழும்பியது. அந்த நொடியில் ஒன்று நடந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவர் குரல் அவள் தலைக்குள் கேட்டது. பழைய குரல்; கூப்பிட்டால் அடுப்பில் பால் பொங்கினாலும் திரும்பிப் பார்க்க வைக்கிற குரல். பொய்யென்று தெரிந்தும் இனித்தது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டே நடந்தாள்.

வாரம் பிறந்து வேலைக்குப் போனதும் கஞ்சி விரிப்பின் அந்த முனையிலிருந்து கத்தினாள்.

"அக்கா, பாத்தீங்களா, எங்ககிட்டகூட மறைச்சிட்டீங்க! அண்ணன் பேசிட்டாராமே! ஊரே சொல்லுது, கூட நின்னு மடிக்கிற எனக்குக் கடைசியா தெரியுது. நான் என்ன கண்ணு வெச்சிடவா போறேன்?"

ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் தோண்டிப் பார்த்தவளாகிவிடுவாள். "கர்த்தர் நல்லவர்" என்றாள். அதில் எதை வேண்டுமானாலும் வைத்து மூடலாம்.

"அது சரி, நல்லவர்தான். முதல்ல என்ன சொன்னாரு? உங்களைத்தானே கூப்பிட்டாரு?"

"முனையைச் சரியாப் பிடி. கோணுது பாரு."

"வெக்கத்தைப் பாரு இந்த வயசுல" என்று கஞ்சி சிரித்தாள். சலவைக்கூடமே சேர்ந்து சிரித்தது. மத்தியானத்துக்குள் அவர் முதலில் சொன்னது மனைவியின் பெயர் என்று உறுதியாகிவிட்டது.

வீட்டில் அவருக்கு இது எதுவும் தெரியாது. சாயங்கால வேலை எப்போதும்போல நடந்தது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தது அது. முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்து, எதிரில் கண்ணாடியைப் பிடிக்க வேண்டும். அவர் தன் வாயைத் தானே பார்த்துக்கொண்டு உதட்டைக் குவிக்க வேண்டும், விரிக்க வேண்டும், காகிதத் துண்டை ஊதித் தள்ள வேண்டும். பிறகு 'பா'. உதடு சேர்ந்து பிரிந்தால் போதும், சத்தம் பின்னால் வரும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எப்போது வரும் என்று சொல்லவில்லை. மடிப்பு கேட்டதற்கு, "வந்தா வரும்மா. விட்டுடாதீங்க, அவசரப்படுத்தாதீங்க. ரெண்டும் கெடுத்திடும்" என்றார்.

அவர் விடவில்லை. உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும், எச்சில் வழியும், நெற்றி வியர்க்கும். துடைத்துவிட்டால் மறுபடி கண்ணாடியைப் பார்ப்பார். சமீபத்தில் ஒன்றிரண்டு முறை தொண்டைக்கு அடியிலிருந்து ஏதோ உரசுகிற மாதிரி ஒரு சத்தம் வந்திருந்தது. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. பழைய கதவு திறக்கலாமா என்று யோசிக்கிற மாதிரி ஒன்று. அப்போது அவர் கண்ணாடியை விட்டுவிட்டு அவளைப் பார்ப்பார். கேட்டதா என்று கண் கேட்கும். கேட்டது என்று அவள் தலையாட்டுவாள். இரண்டு பேருக்கும் அந்த வாரத்துக்கு அது போதும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டைம்கீப்பர் வந்தார். கூட நிலையத்து ஆட்கள் இரண்டு பேர். கையில் ஆரஞ்சுப் பை, முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

"அண்ணே! என்னண்ணே இது, பேச ஆரம்பிச்சிட்டு எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்பக் கூடாதா? நீங்க போனதுக்கு அப்புறம் ஒரு பொண்ணு குரலைப் பதிவு பண்ணி வெச்சிருக்காங்க. வண்டி பஞ்சராகி நின்னாலும் சிரிச்சிக்கிட்டே சொல்லுது. எரிச்சலா வருது."

அவர் டைம்கீப்பரைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கழுத்தைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். ஒன்றும் புரியாத பார்வை.

"நிலையத்துல புது ஒலிபெருக்கி போட்டிருக்கோம்ணே. திறப்பு வெச்சிருக்கோம். முதல் அறிவிப்பு நீங்கதான். பேசி வெச்சாச்சு. சக்கர நாற்காலி நாங்க கொண்டாறோம். நாலே வார்த்தை போதும். இப்ப ஒண்ணு சொல்லுங்க பாப்போம், காது குளிரக் கேட்டுட்டுப் போறோம்."

மூன்று பேரும் ஆரஞ்சுப் பையோடு காத்திருந்தார்கள். மடிப்பு சமையலறை நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் உதடு லேசாக அசைந்தது, நின்றது. பிறகு கண் அவளை விட்டு நகரவேயில்லை. அவளுக்கு அதைப் படிக்கத் தெரியும். மூக்கு தெரிஞ்சுதா என்று கேட்டது அந்தக் கண்.

அது அவருடைய வேலைச் சட்டம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வழியிலிருந்த பணிமனையிலிருந்து வந்த போனை நம்பி, நிலையத்துக்குள் நுழையாத ஒரு வண்டியை வந்துவிட்டதாக அறிவித்துவிட்டார். பெஞ்சில் சாய்ந்திருந்த கூட்டம் அரக்கப் பரக்க எழுந்தது. தூங்குகிற பிள்ளைகளை எழுப்பியது. மூட்டையைத் தலையில் ஏற்றியது. வண்டியோ பாலத்துக்கு அந்தப் பக்கம் அச்சு முறிந்து நின்றுகொண்டிருந்தது. எழுந்தவர்கள் திரும்ப உட்கார முடியவில்லை. பெஞ்சுகளை வேறு ஆட்கள் பிடித்துவிட்டார்கள். சாயங்காலம் வரை வெயிலில் நின்றார்கள். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதை அவர் அறிவிப்பு அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டேயிருந்தார். அன்றைக்கு அவர் சோற்றில் கை வைக்கவில்லை. "வரும்னு சொல்லு, உக்காந்து காத்திருப்பாங்க. வந்துட்டுன்னு சொல்லி எழுப்பி விட்டுட்டு வண்டியைக் காட்டலைன்னா, அடுத்தாப்ல நெஜமாவே வந்தாலும் எவனும் எழுந்திருக்க மாட்டான்" என்று அவளிடம் சொன்னார். அதன் பிறகு யார் வந்து தொங்கினாலும், அதிகாரியே கத்தினாலும், ஒரே பதில்தான்: "வாசல்ல மூக்கு தெரியட்டும்." தன் கண்ணால் வண்டியின் முகப்பைப் பார்க்காமல் மைக்கைத் தொட்டதில்லை.

இப்போது அவரையே யாரோ அறிவித்துவிட்டிருக்கிறார்கள். யார் என்று கேட்க அவருக்கு வாய் இல்லை. கேட்கவும் தேவைப்படவில்லை.

"உங்க அண்ணனுக்கு இன்னைக்கு அசதி" என்றாள் மடிப்பு. டைம்கீப்பர் எழுந்துகொண்டார். "பரவால்ல அண்ணி, பழைய ஆளு, சும்மா கேட்டா பேச மாட்டாரு. மைக்கைக் கையில குடுத்தா தானா வரும்." போகும்போது ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டு, நம்பிக்கையை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அன்றைக்கே மகள் போன் செய்தாள். வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டவள். அந்த ஊர் வரைக்கும் செய்திக்குக் கால் இருந்தது.

"அம்மா, நீ என்னம்மா பொம்பளை? பெத்த பொண்ணு நான், எனக்கு மூணாம் மனுஷி சொல்லித் தெரியணுமா? அப்பா பேசிட்டாராமே! போனைக் குடு, போனைக் குடு."

"இரு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அப்புறம் சொல்லு. முதல்ல அப்பா."

மடிப்பு போனை அவர் காதில் வைத்தாள். வைக்காமல் இருந்திருக்கலாம். ஏன் வைத்தாள் என்று பிற்பாடு தன்னையே பலமுறை கேட்டுக்கொண்டாள். பெற்ற மகள் கூப்பிட்டால் ஒருவேளை வந்துவிடுமோ என்ற ஆசைதான். ஆண்டவருக்குக் கொஞ்சம் அவசரத்தை ஞாபகப்படுத்துகிற வேலை.

"அப்பா! அப்பா, நான்தான்ப்பா. என் பேரைச் சொல்லுப்பா. ஒரே ஒரு தடவை. மெதுவா சொல்லு, நான் வெச்சிட மாட்டேன். அப்பா? அம்மா, லைன்ல இருக்காரா? அப்பா, பாப்பான்னாவது சொல்லுப்பா. நீ 'பா'தான் பழகிட்டிருக்கேன்னு அம்மா சொன்னாளே..."

அவர் உதட்டைச் சேர்த்தார். பிரித்தார். காற்று வந்தது. மறுபடி சேர்த்தார். முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைத்தது. அந்தப் பக்கத்தில் மகள் அழத் தொடங்கினாள். முதலில் சந்தோஷத்தில் அவருக்கு வாய் அடைத்துவிட்டது என்று நினைத்து, பிறகு விஷயம் பிடிபட்டு. "சரிப்பா. சரி, விடுப்பா. கஷ்டப்படாத" என்று சொல்லி அவளே வைத்துவிட்டாள்.

அவர் இடது கையால் போனைத் தள்ளினார். அதே கை, பக்கத்து ஸ்டூலில் சாய்த்து வைத்திருந்த கண்ணாடியையும் வீசித் தள்ளியது. அது தரையில் விழுந்து உடைந்து, காகிதத் துண்டுகளோடு துண்டாகக் கிடந்தது. கிடைத்த பலத்தையெல்லாம் சேர்த்து அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு பயிற்சி இல்லை. ஊட்டினால் வாங்கிக்கொள்வார், துடைத்தால் பேசாமல் இருப்பார். 'பேசாமல் இருப்பார்' என்று எழுதினால் புதிதாக என்ன என்று தோன்றும். ஆனால் அவள் அறிவாள், இதுவரைக்கும் அவர் பேச முடியாமல் இருந்தார்; இப்போதுதான் பேசாமல் இருக்கிறார். "என்னங்க, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்பாள். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். தொண்டைக்கடியில் தயங்கிக்கொண்டிருந்த அந்தச் சத்தமும் போன இடம் தெரியவில்லை.

சலவைக்கூடத்தில் விரிப்பு விரிப்பாக மடித்துக்கொண்டே அவள் சண்டை போட்டாள், யாரோடு என்று தெரியாமல். 'நான் கேட்டது அதிகமா? ஒரு மனுஷனுக்கு அவன் வாய். அதுக்கு இவ்வளவு காலமா?' உருளை சுற்றிக்கொண்டிருந்தது. ஆவி முகத்தில் அடித்தது. கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது அந்த வேலையில் உள்ள ஒரே வசதி. பிறகு சண்டை ஓய்ந்த இடத்தில், சொல்லாத ஒரு உண்மை எஞ்சி நின்றது. அவள் நன்றி சொன்னது நம்பிக்கையால் அல்ல. நம்பிக்கை இருந்திருந்தால் இன்னும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். காத்திருக்கப் பிடிக்காமல் போனதால்தான் எழுந்து நின்றாள். கொடுக்கிறவர் இன்னும் கை நீட்டாதபோது, தானே நீட்டி எடுத்துக்கொண்டதாகக் காட்டிவிட்டாள். அதற்கு விலை கணவர் தலையில் விழுந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை முன்னறையில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. அவளைப் பார்க்கவே சிலர் புதிதாக வந்திருந்தார்கள். போதகரம்மா பூரித்துப்போய், "முதல்ல நம்ம சகோதரி சாட்சி சொல்லட்டும்" என்றார்.

மடிப்பு எழுந்தாள். நாற்காலிச் சாய்வைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு பேசலை" என்றாள்.

ஆமென் சொல்லத் திறந்த வாய்கள் அப்படியே நின்றன.

"போன வாரம் நான் சொன்னது நடக்கலை. இன்னைக்கு வரைக்கும் நடக்கலை. வர்றதுக்கு முன்னாடி வந்துட்டுன்னு சொல்லிட்டேன். அதனால அவரு முயற்சி பண்றதையும் விட்டுட்டாரு. நான் நன்றியைத் திரும்ப எடுத்துக்கலை. ஆனா எனக்குக் கேக்கறதுக்கு இடம் வேணும். நான் காத்திருக்கறவ. வாங்கிக்கிட்டவ இல்லை. எனக்காக இல்லை, அவருக்காக ஜெபம் பண்ணிக்கோங்க. எப்ப வேணும்னு சொல்லிக் கேக்காதீங்க. அது ஆண்டவருக்குத் தெரியும்."

உட்கார்ந்தாள். பின்வரிசையில் யாரோ, "இப்படிச் சொன்னா வர்றதும் நின்னு போகும்" என்று முணுமுணுத்தார்கள். தையல்காரம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அப்போ நான் இத்தனை பேர்கிட்ட சொன்னேனே, என் பேச்சுக்கு என்ன மரியாதை?" என்றார். இன்னொருத்தி எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "என் சர்க்கரையும்... அது அப்படியேதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்குப் பயந்துபோய்ச் சட்டென்று உட்கார்ந்தாள். யாரும் சிரிக்கவில்லை. போதகரம்மா பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார். பாட்டு சுரம் சேராமல் ஒருவழியாக முடிந்தது.

வாசலில் செருப்பு மாட்டும்போது போதகரம்மா பின்னாலேயே வந்தார். திட்டப்போகிறார் என்று மடிப்பு தலையைக் குனிந்தாள்.

"நீ சொன்னது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு" என்றார் போதகரம்மா.

"மன்னிச்சிடுங்கம்மா."

"அதுக்குச் சொல்லலை. கல்யாணமான புதுசுலயே குழந்தைக்கு நன்றி சொல்ல ஆரம்பிச்சவ நான். தொட்டில்கூட வாங்கியாச்சு. உள்ளே போய்ப் பாரு, அதுல பழைய பத்திரிகை போட்டு வெச்சிருக்கேன். எனக்கு வயசு தாண்டிப் போச்சு. ஆனாலும் நிறுத்தலை. நிறுத்தினா, ஆண்டவர் மேல கோவப்பட்டுடுவேனோன்னு பயமா இருக்கு." மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். "நீ எப்படிம்மா கோவப்படாம இருக்க?"

"பட்டேம்மா. பட்டுக்கிட்டேதான் இருக்கேன். எழுந்து போகாம பட்டுக்கிட்டிருக்கேன், அவ்வளவுதான்."

போதகரம்மா அவள் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை, பாதி திறந்தபடி விட்டுவிட்டார்.

திரும்புகிற வழியில் முடிதிருத்தகம் ஒன்று உண்டு. இரண்டு நாற்காலி, ஒரு ரேடியோ. கடைக்காரர் ஓர் ஆளின் பின்னங்கழுத்தைச் சரிசெய்துவிட்டு, கைப்பிடி வைத்த வட்டக் கண்ணாடியைத் தலைக்குப் பின்னால் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். மடிப்பு நின்றாள். வீட்டில் கண்ணாடி இல்லை. மாதக் கடைசி, வாங்கவும் வழியில்லை.

"அண்ணே, அந்தக் கண்ணாடியைக் கொஞ்ச நாளைக்குத் தருவீங்களா?"

"இதையாம்மா? இது என் தொழில் சாமான். எதுக்கு?"

"எங்க வீட்டுக்காரரு வாயைப் பாத்துக்க."

"மைக்கா? அதான் பேசிட்டாராமே!"

"இல்லைண்ணே. பேசலை."

கடைக்காரர் கண்ணாடியைத் துண்டால் துடைத்து நீட்டினார். "ரெண்டு நாள்ல குடுத்துடுங்க. இது இல்லாட்டி ஆளுங்க நம்ப மாட்டாங்க."

வீட்டில் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அவள் தரையில் உட்கார்ந்து அவர் முதுகிடம் சொன்னாள்.

"சொல்லிட்டேங்க. எல்லார் முன்னாலயும். நீங்க பேசலைன்னு. மகளுக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன். டைம்கீப்பருக்கும் சொல்லியனுப்பிட்டேன். நான் பண்ணின தப்பு. இனிமே உங்களை நான் முந்தமாட்டேன். நீங்க எப்ப வர்றீங்களோ அப்ப வாங்க. வராட்டியும் நான் இங்கதான் உக்காந்திருப்பேன்."

தெருவில் ஒரு சைக்கிள் போனது. பிறகு அவர் முதுகு அசைந்தது. திரும்ப முயன்றார், அவள் தோளுக்கடியில் கை கொடுத்தாள். தலையணை வைத்தாள். அவர் அவள் கையிலிருந்த வட்டக் கண்ணாடியைப் பார்த்தார், இடது கையை நீட்டி வாங்கினார். தன் முகத்தைப் பார்த்தார். பல நாள் தாடி, கோணிய வாய். உதட்டைச் சேர்த்தார். பிரித்தார்.

காற்றுதான் வந்தது. பழைய உரசல்கூட இல்லை, வெறும் காற்று.

அவள் ஆமென் சொல்லவில்லை. எச்சிலைத் துடைத்துவிட்டாள். அவர் மறுபடி உதட்டைச் சேர்த்தார்.

இதெல்லாம் நடந்து மழைக்காலம் ஒன்று முடிந்து, அடுத்த வெயிலும் தலைகாட்டிவிட்டது. மைக் இன்னும் பேசவில்லை. தினம் சாயங்காலம் காகிதத் துண்டு கட்டில் விளிம்பு வரைக்கும் போகிறது. சில நாள் அதுவும் போவதில்லை. மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்து, அவள் பாட்டுக்கு வீட்டுக் கதையெல்லாம் அப்பாவுக்குச் சொல்கிறாள், பதில் கேட்பதில்லை. புது ஒலிபெருக்கியை அந்தச் சிரிக்கிற பெண்ணே திறந்து வைத்தாள். மடிப்பு வெள்ளிக்கிழமைகளில் போய் அதே வேண்டுதலைச் சொல்லி உட்கார்ந்துகொள்கிறாள். சிலர் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருவதில்லை.

ஊரில் இப்போது வேறு செய்தி. பேசிக்கொண்டிருந்த மனுஷர் மறுபடி ஊமையாகிவிட்டாராம். பெண்டாட்டியின் அவிசுவாசத்தால் வந்த வினையாம். இதை யாரும் விசாரிக்கப் போகவில்லை. விசாரிக்கத் தேவையில்லாத அளவுக்குப் பொருத்தமாக இருக்கிறதாம்.

கண்ணாடி இன்னும் முடிதிருத்தகத்துக்குத் திரும்பவில்லை. கடைக்காரர் இரண்டு தடவை தெருவில் மறித்து ஞாபகப்படுத்திப் பார்த்தார். "அவரு கையிலேயே வெச்சிருக்காருண்ணே, வாங்க முடியலை, கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்றாள் மடிப்பு. மூன்றாம் தடவை அவர் கேட்கவில்லை. முடிவெட்டி முடித்ததும் ஆட்கள் பழக்கத்தில் தலையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்கக் காத்திருக்கிறார்கள். அவர் துண்டை உதறிக்கொண்டே, "நல்லாத்தான் வந்திருக்கு, எழுந்திருங்க" என்கிறார்.